அத்தியாயம் 6: தபால் வாக்கு – தகுதி, அடையாளம், தள்ளுபடி

"எனக்கு ஊர்லதான் ஓட்டு. தபால்ல போட்டுடலாமா சார்?"

தேர்தல் தேதி வெளியானதும் தாம்பரத்தில் டீக்கடை முதல் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு வரை கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பதில் 'முடியாது' என்பதுதான். இன்னொரு பக்கம், சேலையூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் படியிறங்க முடியாத பெரியவர்கள் பலருக்குப் பதில் 'முடியும்'. அவர்களோ கேட்பதே இல்லை. கேட்டாலும் நாள் கடந்தபின் கேட்கிறார்கள்.

இந்த அத்தியாயம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கானது. மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் விதிகள் வேறு. இங்கே சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

யாருக்கு உண்டு?

தேர்தல் நடத்தை விதிகள், 1961 தபால் வாக்குக்கு உரியவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாதவருக்கு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் தபால் வாக்கு கிடையாது. தாம்பரம் வாசகருக்கு வேண்டியவை ஐந்து பிரிவுகள்:

1. 85 வயதைக் கடந்த முதியவர்கள் – படிவம் 12டி.
2. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகள் – படிவம் 12டி.
3. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியப் பணிகளில் வாக்குப்பதிவு நாளன்று வேலையில் இருப்பவர்கள் – படிவம் 12டி, துறையின் தொடர்பு அலுவலர் சான்றோடு.
4. தேர்தல் பணியில் இருப்பவர்கள் – படிவம் 12.
5. படைவீரர்கள் – இவர்களுக்குத் தனிப் பட்டியல், தனி வழி.

தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கும் உண்டு. அதை அதிகாரிகளே ஏற்பாடு செய்ய வேண்டும்.

யாருக்கு இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெப்ஸ் வளாகத்திலோ பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலோ வேலை பார்த்துக்கொண்டு, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ ஓட்டு வைத்திருப்பவருக்கு இல்லை. மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கும் இல்லை: வெளிநாடு வாழ் இந்தியர் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம், ஆனால் விமானம் ஏறி வந்து வாக்குச்சாவடியில்தான் போட வேண்டும். அப்போது அசல் பாஸ்போர்ட் ஒன்றே அவருக்கு அடையாளம்.

வெளியூர் ஓட்டுக்காரருக்கு இரண்டே வழி. தேர்தலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிப்பது ஒன்று. தாம்பரத்திலேயே குடியிருப்பவர் என்றால் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிக்கொள்வது இன்னொன்று. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 135பி பிரிவு. தனியார் நிறுவனத்துக்கும் அது பொருந்தும்.

வயது வரம்பில் நேர்ந்த மாற்றம்

2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த வசதி 80 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்தது. 2024 மார்ச்சில் விதி திருத்தப்பட்டு 85 ஆனது. 2021-இல் வீட்டிலிருந்தே வாக்களித்த 82 வயதுப் பாட்டி அடுத்த தேர்தலில் 85-ஐத் தாண்டியிருக்கவில்லை என்றால் அவர் மனு நிற்காது. 'அப்ப கொடுத்தீங்க, இப்ப ஏன் இல்லை?' என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார்; விதியை எழுதியவர் அவரல்லர்.

முதலில் தொகுதியைப் பாருங்கள்

தாம்பரம் மாநகராட்சி 2021-இல் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்தன. ஆனால் மாநகராட்சி எல்லையும் சட்டமன்றத் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. குரோம்பேட்டைக்காரர் சொத்துவரி கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு. ஓட்டு பல்லாவரம் தொகுதியில். செம்பாக்கமும் பெருங்களத்தூரும் தாம்பரம் தொகுதி. மேடவாக்கம் சோழிங்கநல்லூர். ஊரப்பாக்கத்தார் செங்கல்பட்டு தொகுதிக்காரர்கள்.

மக்களவைத் தேர்தலில் சிக்கல் இன்னும் கூடும். தாம்பரமும் பல்லாவரமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில், சோழிங்கநல்லூர் தென் சென்னையில், செங்கல்பட்டு காஞ்சிபுரத்தில் வருகின்றன. ஒரே சாலையின் இரண்டு பக்கம் இரண்டு தொகுதியாக இருக்கலாம். படிவத்தில் 'தாம்பரம்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் அது வேறொருவரின் மேசைக்குப் போகும். படிவம் கொடுக்க ஐந்து நாள்தான் கெடு; அதற்குள் அது திரும்பி வராது.

தொகுதி, பாகம் எண், வரிசை எண் மூன்றையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து தமிழகம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. பாகங்களும் வரிசை எண்களும் மாறியிருக்கும். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள்.

படிவம் 12டி: ஐந்து நாள்தான்

படிவத்தை வாங்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. தகுதியுள்ளவர் வீட்டுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் கொண்டுவந்து தந்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிப் போவார். பிறகு வந்து நிரப்பிய படிவத்தையும் வாங்கிக்கொள்வார். வேண்டாம், வாக்குச்சாவடிக்கே வருகிறேன் என்று சொல்லவும் பெரியவருக்கு உரிமை உண்டு. வீட்டு வாக்கு ஒரு வசதி, கட்டாயம் இல்லை.

கெடு: தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டெல்லியில் தலைமைத் தேர்தல் ஆணையர் செய்தியாளர்களிடம் தேதி சொல்வது ஒன்று. முறையான அறிவிக்கை வெளியாகி வேட்புமனு தொடங்குவது இன்னொன்று. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்துக்கான அறிவிக்கை மார்ச் 20-இல் வந்தது. 12டி-க்குக் கடைசி நாள் மார்ச் 25. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வாக்குப்பதிவுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 'தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கே' என்ற நினைப்பில் விட்டவர்கள் நிறைய.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை:

- பெயரை வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டியலில் 'ராஜலட்சுமி' என்றிருந்தால் ஆதாரில் உள்ள 'ராஜலக்ஷ்மி' வேண்டாம்.
- தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்காளர் அட்டை எண் ஆகியவற்றைப் புதிய பட்டியலிலிருந்து எழுதுங்கள்.
- வாக்கைப் பெற வீடு தேடி வரும் அலுவலர் குழு வந்து சேரக்கூடிய முகவரி: பிளாட் எண், மாடி, பக்கத்து அடையாளம்.
- எடுக்கப்படும் கைபேசி எண். பெரியவரின் போன் எப்போதும் அணைந்தே இருக்கும் என்றால், கூட இருப்பவரின் எண்.
- கையெழுத்து அல்லது கைரேகை.
- மாற்றுத்திறனாளி என்றால் குறைபாட்டுச் சான்றின் நகல்.

எது அடையாளம், எது அடையாளம் இல்லை?

குழு வீட்டுக்கு வரும்போது வாக்காளர் அட்டை கையில் இருந்தால் பேச்சே இல்லை. அட்டை தொலைந்துவிட்டால் மாற்று ஆவணங்களில் ஏதேனும் ஒன்று வேண்டும். 2024 தேர்தலில் ஆணையம் ஏற்றவை இவை: ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், இந்தியப் பாஸ்போர்ட், வங்கி அல்லது அஞ்சலகம் தந்த படமுள்ள பாஸ்புக், படமுள்ள ஓய்வூதிய ஆவணம், நூறு நாள் வேலை அட்டை, தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டு ஸ்மார்ட் அட்டை, அரசு மற்றும் பொதுத்துறை நிறுவனப் பணியாளர் அட்டை, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் இந்தப் பட்டியலைப் புதிதாக வெளியிடும். அப்போது ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள்: ரேஷன் அட்டை. நம் வீடுகளில் எதற்கும் முதலில் எடுத்து நீட்டுவது குடும்ப ஸ்மார்ட் அட்டையைத்தான். தேர்தலில் அது செல்லாது. பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாள ஆவணம் இல்லை. அது உங்கள் பாகத்தையும் வரிசையையும் காட்டும் தாள், அவ்வளவுதான். பாஸ்புக் என்றால் படம் ஒட்டியிருக்க வேண்டும். பழைய அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் புத்தகம் இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கும்.

ஆனால் அட்டை மட்டும் போதாது. தபால் வாக்கில் அடையாளம் என்பது பட்டியலில் உள்ள விவரமும் கையில் உள்ள தாளும் ஒத்துப்போவது. முதியவர் பிரிவுக்குப் பார்ப்பது பட்டியலில் ஏறியுள்ள வயதை. அந்தக் காலத்தில் கணக்கெடுக்க வந்தவர் வயது கேட்டபோது வீட்டில் யாரோ ஒரு குத்துமதிப்புச் சொல்லியிருப்பார்கள். இப்படி ஓர் உரையாடலை எந்தத் தெருவிலும் கேட்கலாம்:

"பாட்டி, லிஸ்ட்ல உங்க வயசு 79-னு இருக்கு. படிவம் தர முடியாதுங்க."

"எம் பேரனுக்கே அம்பது ஆகப் போகுதும்மா!"

பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டியல் திருந்தாமல் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. வயதைத் திருத்தவும், 'மாற்றுத்திறனாளி' என்று பட்டியலில் குறிக்கவும் படிவம் 8 ஒன்றே போதும். முகவரி மாற்றமும் புதிய அட்டையும்கூட அதே படிவத்தில் வரும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடாதீர்கள். திருத்த முகாம் நடக்கும் மாதங்களில் முடித்துவிடுங்கள்.

குழு வீட்டுக்கு வரும் நாள்

மனு ஏற்கப்பட்டால் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே 'பி.பி.' (போஸ்டல் பேலட்) என்று குறிப்பார்கள். அந்த எழுத்து விழுந்துவிட்டால் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது. வாக்குப்பதிவு நாளன்று உடம்பு தேறி, ஆட்டோ பிடித்துப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். படிவத்தில் கையெழுத்திடும் முன் பெரியவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பூத்துக்குப் போய், விரலில் மை வைத்துக்கொண்டு, நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவதையே தேர்தல் என்று நினைப்பவர்களும் உண்டு.

வரும் தேதியும் நேரமும் குறுஞ்செய்தியிலோ வாக்குச்சாவடி நிலை அலுவலர் மூலமாகவோ தெரியும். வாக்குப்பதிவு அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் என ஒரு குழு வரும். வேட்பாளர்களுக்கும் பயண அட்டவணை தரப்படும். அவர்களின் முகவர் உடன் வரலாம். முதல் தடவை ஆள் இல்லை என்றால் இன்னொரு தடவை வருவார்கள். அதற்கு மேல் வர மாட்டார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தார், டயாலிசிஸுக்குப் போயிருந்தார் என்பதெல்லாம் காரணமாகாது. கூட்டு வளாகங்களில் வாசல் காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழு கேட்டிலிருந்தே திரும்பக் கூடாது.

வாக்கை மறைவாகக் குறிக்க இடம் தர வேண்டும். வீடியோ நடைமுறையைப் பதிவு செய்யலாம்; யாருக்குப் போட்டார் என்பதை எடுக்கக் கூடாது. கண் தெரியாதவரும் கை நடுங்குபவரும் தாம் விரும்பும் வயதுவந்த ஒருவரின் துணையை வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணை பெரியவரின் தேர்வு. மகனின் உரிமை அல்ல. வீட்டு வாக்கில் ரகசியம் காக்கப்படுமா என்று கேட்டு 2021-இல் திமுக சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்கு தள்ளுபடியானது. கேள்வியின் நியாயம் ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் இன்னும் இருக்கிறது.

போட்ட வாக்கும் செல்லாமல் போகும்

மனு ஏற்கப்பட்டதோடு வேலை முடியவில்லை. தபால் வாக்கில் மூன்று தாள்கள் சேர்ந்து போக வேண்டும்: வாக்குச்சீட்டு, அது இருக்கும் உள் உறை 13பி, வாக்காளரின் உறுதிமொழி 13ஏ. உறுதிமொழியும் உள் உறையும் வெளி உறை 13சி-க்குள் போகும். எண்ணும் மேசையில் முதலில் பார்ப்பது உறுதிமொழியை. அது இல்லையென்றாலோ, கையெழுத்தும் சான்றொப்பமும் இல்லையென்றாலோ, அதிலுள்ள வரிசை எண்ணும் 13பி உறையில் உள்ள எண்ணும் மாறியிருந்தாலோ உள் உறையைத் திறக்கவே மாட்டார்கள். திறந்தபின் சீட்டில் ஒன்றும் குறிக்காமலோ, இரண்டு பேருக்குக் குறித்தோ, வாக்காளர் யாரென்று காட்டும் அடையாளமோ இருந்தால் அதுவும் போச்சு. வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குப் பிறகு வந்துசேரும் உறை எண்ணிக்கையில் சேராது.

2016-இல் ராதாபுரத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றார். அங்கே 203 தபால் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியான அரசிதழ் அலுவலர்கள் அல்லர் என்பது காரணம். வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாக்குகளையும் கடைசிச் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டு ஓடிப்போனது. வாக்களித்தவர்கள் யாருக்கு, எப்படிக் குறித்திருந்தார்கள் என்பது பிரச்சினையே அல்ல. சந்தேகம் சாட்சிக் கையெழுத்தின் மேல்தான்.

உள்ளூரில் எண் சொல்ல வேண்டுமானால் 2021-இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137. ஒரு பெரிய அடுக்குமாடியின் வாக்குகள் அவ்வளவு இருக்கும்.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021-இல் ஒரு சட்டம் வந்தது: தபால் வாக்கு உறையில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ எழுத வேண்டும், அது பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில் வந்த தபால் வாக்குகளில் எட்டில் ஒன்று தள்ளுபடியானது. பலர் எண் எழுதும் இடத்தையே கவனிக்கவில்லை.

அத்தியாவசியப் பணியாளர், தேர்தல் பணியாளர், படைவீரர்

ரயில்வே, மின்வாரியம், ஆம்புலன்ஸ் போன்ற துறைகள் அத்தியாவசியப் பணியாக அறிவிக்கப்பட்டிருந்தால் குழு வீட்டுக்கு வராது. தொகுதியில் திறக்கப்படும் தபால் வாக்குப்பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அது மூன்று நாள், காலை 9 முதல் மாலை 5 வரை இருக்கும். பணி அட்டையை எடுத்துப் போங்கள். துறையின் தொடர்பு அலுவலர் சான்றளிக்காத 12டி வெறும் தாள். இவர்களுக்கும் 'பி.பி.' விதி பொருந்தும்.

தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர், அரசு ஊழியர் தம் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துப் பணிச் சான்று வாங்கி, வேலை பார்க்கும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். வெளித் தொகுதியில் பணி என்றால் படிவம் 12. 2023-இல் வந்த விதித் திருத்தத்தின்படி இவர்கள் சீட்டை வாங்குவது, குறிப்பது, ஒப்படைப்பது மூன்றும் பயிற்சி இடத்தில் உள்ள வசதி மையத்திலேயே. சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போகும் பழைய வழக்கம் இனி இல்லை. ராதாபுரத்துச் சிக்கலும் இதனால் பெருமளவு தீர்ந்துவிட்டது.

படைவீரருக்குச் சொந்த ஊரில் தனிப் பாகத்தில் பெயர் இருக்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணியாற்றும் பிற மாநிலத்தாருக்கும், எல்லையில் இருக்கும் தாம்பரத்துப் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். வாக்குச்சீட்டு மின்னணு முறையில் படைப்பிரிவுக்கு வரும். அச்செடுத்து, குறித்து, சான்றொப்பம் வாங்கி, தபாலில் அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் வேண்டாம். எண்ணும் இடத்தில் உறையிலுள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்வார்கள். அதன்மேல் பசையோ டேப்போ படாமல் ஒட்டுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்காமல் சீட்டு வந்த அன்றே அனுப்புவது நல்லது.

தள்ளுபடி ஆனால்?

எந்த மனு தள்ளுபடியானது என்று முதலில் பாருங்கள்.

12டி தள்ளுபடி ஆனால், ஏன் என்று கேளுங்கள். எண் பிழை போன்ற சின்னக் குறையாக இருந்து, ஐந்து நாள் கெடுவும் மீதியிருந்தால் திருத்திய படிவத்தை அன்றே கொடுங்கள். கெடு கடந்துவிட்டால் வருத்தம் வேண்டாம்: பெயருக்கு நேரே 'பி.பி.' விழவில்லை என்றால் வாக்குச்சாவடிக்குப் போய் வழக்கம்போல் வாக்களிக்கலாம். தேர்தல் ஆணையத்தின் செயலியில் சக்கர நாற்காலி கேட்டு வைக்கலாம்.

பெயர் சேர்க்கும் மனுவோ திருத்த மனுவோ தள்ளுபடியானால் சட்டம் மேல்முறையீடு தருகிறது. உத்தரவு வந்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் – தாம்பரத்தாருக்குச் செங்கல்பட்டில். அங்கும் ஏற்கவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். தள்ளுபடி உத்தரவை எழுத்தில் வாங்குங்கள்; வாய்ச்சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

கையோடு வைத்துக்கொள்ள

- பட்டியலில் பெயர், வயது, பாகம், வரிசை எண்: தேர்தல் இல்லாத மாதத்திலேயே சரிபார்த்தாயிற்றா?
- மாற்றுத்திறனாளி குறிப்பு பட்டியலில் ஏறியிருக்கிறதா?
- வாக்குச்சாவடி நிலை அலுவலரின் எண் போனில் இருக்கிறதா?
- அறிவிக்கை நாளும் அதிலிருந்து ஐந்தாம் நாளும் நாள்காட்டியில் குறித்தாயிற்றா?
- வாக்காளர் அட்டை, அல்லது ஏற்கப்பட்ட வேறொன்று: பீரோவில் எந்தத் தட்டு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?
- படிவம் கொடுத்ததும் நகலோ போன் படமோ எடுத்தாயிற்றா?

உங்கள் தளத்தில், உங்கள் தெருவில் 85-ஐத் தாண்டியவர் யாராவது இருப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். படிவம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. இந்தப் பக்கத்தை மூடும் முன் அவர் பெயரை இதன் ஓரத்தில் எழுதுங்கள். அறிவிக்கை வரும் நாளில் முதலில் தட்ட வேண்டிய கதவு அவருடையது.